மாஸ்டரும் லிஃப்ட்காரனும் நடுவில் நானும்

என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் கத்த மாட்டார். கீபோர்டு முன்னால் உட்கார்ந்து ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டே இருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நின்றபடியே அது என்ன கோபம் என்று நான் சொல்லிவிடுவேன். வாடகை ஏறிய கோபத்துக்கு ஒரு கட்டை, ஃபீஸ் தராமல் நின்றுபோன மாணவனுக்கு ஒரு கட்டை. என் தம்பி மேல் வருவது மட்டும் இதில் எதிலும் சேராது. அது கோபமே இல்லை, பச்சைப் பொறாமை. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். "எனக்கா? அவன் மேலயா? போய் வேலையைப் பாரு" என்பார். காதில் புகை வருவது எனக்குத் தெரியாதாம்.

ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருவதால் வந்த பெயர். வாரக் கடைசியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வாசிப்பார். வருகிறவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போவார்கள், குழந்தைகள் சோபாவில் குதிக்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இத்தனைக்கும் எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், மறு தடவை அவர் கையில் இருக்கும். சுருதி ஒரு இழை விலகினால் அவர் முகம் கோணும். நான் குளியலறையில் பாடுவதையே விட்டுவிட்டேன் என்றால் பாருங்கள்.

கல்யாணமான புதிதில் அவர் பத்து மெட்டுகள் போட்டு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். வெறும் வாத்திய இசை. கம்பெனிக்காரர் தோளில் கை போட்டுப் பேசினார், காபி வாங்கிக் கொடுத்தார், காகிதத்தை நீட்டினார். இவர் உச்சி குளிர்ந்துபோய்க் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அதோடு சரி. அந்த மெட்டுகள் இன்றைக்கும் கடைகளில் ஓடுகின்றன. இவர் பெயர் எங்கும் கிடையாது. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

இனி என் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மேலும் கீழும் போகிற அந்த உயரமான கூண்டுக்குள் நின்று வேலை பார்ப்பவன். கரண்ட் போய் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே அழுவார்கள், கதவை உதைப்பார்கள். இவன் மேலிருந்து "இதோ வந்துட்டேன், பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இறங்குவான். அந்தக் கூண்டில் எதைச் சொன்னாலும் எதிரொலிக்குமாம். சொல்லிச் சொல்லி அது ஒரு மெட்டாகவே ஆகிவிட்டது. ஒருநாள் ஃபோனை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தாளம் தட்டி, "இதோ வந்துட்டேன்" என்ற பாட்டைப் பதிவு செய்துவிட்டான். சங்கீதம் படித்தவன் இல்லை. ஸரிகமவைக் கேட்டால் தலையைச் சொறிவான்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான். என் வேலையும் அதேதான். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் ஃபோனில் புகார் வாங்குகிறேன். வாடிக்கையாளர் "அந்த மடையனை மறுபடியும் அனுப்பாத" என்பார். நான் மெக்கானிக்கிடம் "உங்ககிட்ட இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தாங்களாம்" என்பேன். மெக்கானிக் "அந்தம்மா மெஷினுக்குள்ள செங்கல்லா போட்டாங்க" என்பான். நான் அந்த அம்மாவிடம் "பாரம் கொஞ்சம் அதிகமாயிடுச்சாம் மேடம்" என்பேன். வீட்டிலும் இதே சேவை, சம்பளம் மட்டும் கிடையாது. தம்பி எதுவானாலும் என் ஃபோனுக்குத்தான் கூப்பிடுவான். மாமா எப்படி இருக்கிறார் என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பான், மாமா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும். இவரும் "உன் தம்பிகிட்ட சொல்லு" என்றுதான் ஆரம்பிப்பார். நான் இரண்டையும் வடிகட்டி, சூடு ஆற்றிக் கைமாற்றுவேன். எனக்கு அதில் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பாட்டைப் பதிவு செய்தவன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இல்லை. ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"எல்லாரும் டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒரு கம்பெனிகிட்ட பாட்டைக் கொடுத்துடறாங்க அக்கா. அவன் எல்லா ஆப்லயும் ஏத்துவான். அதுக்கு வருஷா வருஷம் கட்டணும், வர்றதுலயும் அவனுக்கு ஒரு வெட்டு. நான் கொடுக்கப் போறதில்ல. நெட்ல நானே ஒரு பக்கம் வச்சிருக்கேன். வேணுங்கறவங்க அங்கயே வாங்கிக்கட்டும். நடுவுல ஒரு ஆள் எதுக்கு?"

"கடையில, ரேடியோல ஓடினா?" என்றேன். கேட்டது நான் என்றாலும், உள் அறையில் இருந்தவருக்குத் தெரியவேண்டும் என்றுதான் கேட்டேன். கீபோர்டு சத்தம் நின்றிருந்தது. ஒட்டுக்கேட்கிறார் என்று அர்த்தம்.

"ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு சொத்து இருக்கு அக்கா. மெட்டும் வரியும் ஒண்ணு. பதிவு பண்ணின சத்தம் இன்னொண்ணு. ரெண்டுக்கும் வேற வேற சங்கம். ரெண்டுலயும் நானே பேர் கொடுத்துட்டேன். எங்க ஓடினாலும் அந்தச் சங்கத்துக்காரங்க வசூல் பண்ணி நேரா எனக்கே அனுப்பிடுவாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடத்தில் எல்லாம் வேலை முடிந்ததும் மேனேஜரைப் பிடிப்பானாம். "லிஃப்ட் சரியாயிடுச்சு சார். உங்க லாபில ஓடுற பாட்டு யாரோடது?" அவர் விழிப்பார். "என்னோடதைப் போட்டுப் பாருங்க சார். என்னென்ன ஓடுச்சுன்னு சங்கத்துக்கு அனுப்புறப்ப பாட்டு பேரையும் என் பேரையும் சரியா எழுதி அனுப்புங்க, அது போதும்." கிரீஸ் படிந்த கையோடு ஒருத்தன் வந்து இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்? ஒரு ஜிம்மில் போட்டார்கள். இரண்டு பல் மருத்துவர்கள் போட்டார்கள். பல் பிடுங்கக் காத்திருப்பவனுக்கு "இதோ வந்துட்டேன்" என்று பாட்டு. கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

பிறகு ரேடியோவில் வந்தது. தம்பி வீட்டில் இருக்கிற எங்கள் அம்மா காலையிலேயே கூப்பிட்டாள். "கேட்டியாடி? ரேடியோக்காரங்க பேரைச் சொல்லிப் போட்டாங்க. ஆமா, மாப்பிள்ளையும் வருஷக்கணக்கா வாசிக்கிறாரே, அவரோடது எப்ப வரும்?"

நான் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். வேண்டுமென்றே வைக்கவில்லை, சப்பாத்தி மாவு கையில் ஒட்டியிருந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அம்மா பேசியது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அவன்தான் எல்லாம். பத்தாவதில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்து நின்றேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லது. இனிமே தம்பி உன்னைப் பாத்துப் படிப்பான்." இப்படிப்பட்ட அம்மாவுக்குப் பிறந்தவளுக்கு வயிறு எரியாதா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நானும் அவரும் வாய் ஓயாமல் என் தம்பியைக் குறை சொன்னோம். நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நாளாகியிருந்தது.

அந்த மாதமே ஷூ வாங்கப் போனோம், தம்பியும் கூட வந்தான். இவர் ஒரு காலில் புது ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தபோது கடையின் ஸ்பீக்கரில் ஒரு மெட்டு ஆரம்பித்தது. இவருடையது. பத்தில் மூன்றாவது. நாங்கள் குடியிருந்த முதல் வீட்டில், மொட்டைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட மெட்டு. கடைப்பையன் "சைஸ் சரியா இருக்கா சார்" என்று இரண்டு தடவை கேட்டான்.

தம்பிதான் வாயைத் திறந்தான். "மாமா, இது உங்களோடதுதானே? நீங்க கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது பதிவை மட்டும்னா, மெட்டு இன்னும் உங்க சொத்துதான். அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்க. சங்கத்துல சேர்ந்தா இனிமே ஓடுறதுக்காவது வாங்கலாம். நான் கூட வரேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் கடை நடுவில், ஒரு கால் ஷூவோடு இருக்கிற மனிதனிடமா சொல்வது? இவர் ஷூவைக் கழற்றினார். "கடிக்குது" என்றார். வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நேத்து ஸ்பேனரைக் கீழ வச்சவன் எனக்கு ராயல்டி பாடம் எடுக்கிறான், கேட்டியா" என்று ஆரம்பித்து விடிய விடியப் பொருமினார். தம்பி மறுநாள் "மாமா என்ன சொன்னாரு அக்கா" என்று கேட்டான். "யோசிக்கிறேன்னாரு" என்றேன். என் தொழில் அது.

இத்தனை புகைச்சலுக்கு நடுவிலும் ஒரு நல்ல காலம் வந்தது. தம்பி அந்தப் பாட்டைக் கொஞ்சம் திருத்தி மறுபடி வெளியிடப் போவதாகச் சொல்லி, குரல் தனி, தாளம் தனி என்று பிரித்து எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். "நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு அக்கா. மாமா வாசிச்சா நல்லா இருக்கும். நீயே கேளேன்."

கேட்டேன். "பாக்கலாம்" என்று முறுக்கிக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலமே வகுப்பை ரத்து செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறவருக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை? நான் ஒன்றும் கேட்கவில்லை. கீபோர்டின் மேல் கோடியில், அந்த மெல்லிசான கட்டைகளில், பொடிப்பொடியாக ஒரு வாசிப்பு வாசித்தார். கண்ணாடி வளையலை மேஜையில் உருட்டிவிட்டது போல இருந்தது. எனக்கே அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கத் தோன்றியது.

தம்பி வந்து இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுபடி கேட்டான். பிறகு கழற்றி வைத்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா. ஆனா பாட்டுக்குத் தேவைப்படலைன்னு தோணுது" என்றான்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. "உன் பாட்டு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார்.

தம்பி என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தான். குழாயைத் திறந்துவிட்டான், பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்று.

"அக்கா, எனக்குக் காது பாதி போயிடுச்சு. லிஃப்ட் மோட்டார் ஓடுற மெஷின் ரூம் சத்தம். மேல் சுரம் எதுவும் கேக்க மாட்டேங்குது. மாமா வாசிச்சது எனக்கு டொக்கு டொக்குன்னு கட்டை தட்டுற சத்தமாத்தான் கேட்டுச்சு. கேக்காத ஒண்ணை எப்படி அக்கா என் பாட்டுல வைக்கிறது? டாக்டர் சீக்கிரம் அந்த வேலையை விட்டு வெளிய வான்னு சொல்றாரு. இல்லன்னா மிச்சமும் போயிடுமாம்."

"மாமாகிட்ட சொல்லிடேன்டா."

"ஐயோ வேண்டாம். அவருக்கு ஒரு இழை விலகினாலே கேக்கும். செவிடன் பாட்டு போடுறான்னு நினைப்பாரு. நீ சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். பிறகு உள்ளே போய், "அவனுக்கு சிம்பிளா இருக்கணுமாம், விடுங்க" என்று சொன்னேன். சூட்டை ஆற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அது எண்ணெய் ஊற்றினதாக ஆகிவிட்டது. "அப்ப என் வாசிப்பு சிக்கலா? அவனுக்குப் புரியாதா?" என்றவர் அதன்பின் அவன் பெயரையே எடுக்கவில்லை. லிஃப்ட்காரன் என்றுதான் சொன்னார்.

ஒரு வாரம் கதவு சாத்தியே இருந்தது. பென் டிரைவை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. சுவர் வழியாகக் கீபோர்டின் கீழ்க் கோடிக் கட்டைகள்தான் கேட்டன, இடது கை மட்டும், கனத்துப் போய். கோபம் தீரட்டும் என்று விட்டுவிட்டேன். இஸ்திரிச் சட்டையெல்லாம் இல்லை. பனியனோடு, தாடியோடு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "ம்" என்பார், வரமாட்டார்.

அந்த வாரத்தில் அவர் செய்தது இதுதான். தம்பியின் குரலையும் தாளத்தையும் அப்படியே வைத்து, அதன் மேல் தன் கீபோர்டைப் போட்டு, "பாட்டுன்னா எப்படி இருக்கணும்னு காட்டுறேன்" என்று அதை ஒரு புனைபெயரில் டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனி ஒன்றின் வழியாக ஏற்றிவிட்டார். ஏற்றும்போது கடைசியில் ஒரு கட்டம் வருமாம். இந்தப் பாட்டை வேறு யாராவது எங்காவது பயன்படுத்தினால் தானாகவே கண்டுபிடித்து மடக்கட்டுமா என்று கேட்குமாம். சாதாரண ஆளாக இருந்தால் யோசித்திருப்பார். இவர் பத்து மெட்டைப் பறிகொடுத்தவர். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய கம்பெனிக்காரர் முகம்தான் கண்ணுக்கு வந்திருக்கும். இனி என்னுடையதை ஒருத்தன் தொட்டுப் பார்க்கட்டும் என்று டிக் போட்டிருக்கிறார்.

எந்தப் பாட்டு முதலில் பிறந்தது என்பது அந்த எந்திரத்துக்கு என்ன தெரியும்? ஒரே குரல், ஒரே தாளம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது, இன்னொன்றுக்கு யாரும் இல்லை. தம்பியின் பாட்டைப் பிடித்து மடக்கிவிட்டது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது தம்பி சொன்ன நல்ல செய்திதான். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற ஒரு மருத்துவமனைக்காரர்கள் அவனைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய காத்திருக்கும் கூடங்களிலும் லிஃப்டுகளிலும் "இதோ வந்துட்டேன்" பாட்டைப் போட்டுக்கொள்ள நேரடியாக அவனோடு ஒப்பந்தம். "அது மட்டும் கையெழுத்தாயிட்டா மெஷின் ரூமுக்கு ஒரு கும்பிடு அக்கா. இருக்கிற காதைக் காப்பாத்திக்குவேன்" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும், உங்களுக்கும் வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் வந்தபோது முகம் சுண்டிப் போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். இவர் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, உங்களுக்குத்தான் கம்பெனி விவகாரம் தெரியும். எவனோ என் பாட்டை எடுத்துட்டான். நான் நெட்ல போட்ட வீடியோவுல என் பாட்டு ஊமையாயிடுச்சு. உரிமை வேற ஒருத்தரோடதுன்னு போட்டிருக்கு. எழுதிப் போட்டா ஏதோ ஒரு எந்திரம்தான் பதில் சொல்லுது, மனுஷன் ஒருத்தனும் இல்ல. ஆஸ்பத்திரி வக்கீல் பாத்துட்டு, பாட்டு மேல தகராறு இருந்தா கையெழுத்து கிடையாது, வெள்ளிக்கிழமைக்குள்ள தீத்துட்டு வா, இல்லன்னா வேற பாட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டாரு."

இவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போய் வெகு நேரமாகியிருந்தது.

"யாருன்னு பாத்தியாடா?" என்றேன் நான்.

"ஏதோ புதுப் பேரு. கேளு" என்று தம்பி ஃபோனை மேஜை மேல் வைத்தான்.

அவன் குரல் வந்தது, ஸ்பேனர் தாளம் வந்தது. பிறகு கீழிருந்து அந்த இடது கை ஏறி வந்தது. ஒரு வாரம் சுவர் வழியாகக் கேட்ட கையல்லவா? குக்கர் விசிலுக்கு நடுவில், குழாய் சத்தத்துக்கு நடுவில் கேட்ட அதே கை. அவரைப் பார்த்தேன். அவர் துண்டைப் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கும் எதை எப்படிச் சொல்வது என்று தெரிந்துவைத்திருக்கிற எனக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

தம்பி ஃபோனைக் காதோடு ஒட்டிவைத்து முழுப் பாட்டையும் கேட்டான். முடிந்ததும் மறுபடி போட்டான். அவன் முகத்தில் கோபம் போய் வேறு ஒன்று வந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் முகத்தில் வருஷக்கணக்காகப் பார்த்தது. நாமல்லவா இதைச் செய்திருக்க வேண்டும் என்கிற முகம். என் தம்பி மூஞ்சியில் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"திருடன் நல்லா வாசிக்கிறான் மாமா" என்றான். "என் பாட்டுக்கு இது இத்தனை நாளா இல்லாம இருந்திருக்கே. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

அவர் துண்டை நாற்காலியில் போட்டார். "நான்தான் மாப்ள" என்றார்.

நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன், எதையாவது தூக்கி எறிந்துவிடுவானோ என்று. அவன் கையை உருவிக்கொண்டான்.

"நீங்களா? அப்ப அன்னிக்கே ஏன் இப்படி வாசிக்கல?"

"அன்னிக்கு எனக்கு உன் மேல இவ்வளவு வெறுப்பு இல்ல" என்றார் அவர். "அன்னிக்கு உனக்குப் பிடிக்கணும்னு வாசிச்சேன். அழகா வாசிச்சேன். நீ வேண்டாம்னு தள்ளிட்ட. அப்புறம் உட்கார்ந்தா கை மேல போகவே இல்ல. கீழயே கிடந்துச்சு."

தம்பி கொஞ்ச நேரம் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான். பிறகு சொல்லிவிட்டான். "அன்னிக்கு நீங்க வாசிச்சது எனக்குக் கேக்கவே இல்ல மாமா. மேல் சுரம் எதுவும் எனக்குக் கேக்காது. காது போயிட்டிருக்கு. அக்காவுக்குத் தெரியும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "சிம்பிளா இருக்கணுமாம்னு சொன்னியே" என்றார்.

"சத்தியம் வாங்கிக்கிட்டான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சொல்லாதே என்றான், சொல்லவில்லை. அவன் கேட்டதை அவனுக்குச் செய்தேன், இவர் மனம் நோகாமல் இவருக்குச் சொன்னேன். இதில் என் தப்பு என்ன என்று இன்றைக்கும் யாராவது எனக்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

இரண்டு பேரும் எழுந்து உள் அறைக்குப் போனார்கள். நான் வாசல்படியில் நின்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார், தம்பி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். உரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தினார். காரணத்தை எழுதச் சொல்லிக் கேட்டது.

"என்ன போடட்டும் மாப்ள?"

"பொறாமைன்னு போடுங்க" என்றேன் நான் வாசல்படியிலிருந்து.

தம்பி சிரித்துவிட்டான். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் என் பக்கம் திரும்பிச் சிரிக்கவில்லை. "பாட்டு என்னோடது இல்லை" என்று எழுதி அனுப்பினார். பிறகு தான் ஏற்றியதையும் நீக்கும்படி கேட்டு எழுதினார். அந்தப் பட்டனை அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு அதுதான், அவருக்கும் தெரியும். தம்பி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதை எடுத்துடுங்க மாமா. ஆஸ்பத்திரி கையெழுத்து முடியட்டும். அப்புறம் நம்ம பக்கத்துல நாமளே போடலாம், ரெண்டு பேர் பேரையும் போட்டு" என்றான்.

புதனும் வியாழனும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன் சாயங்காலம் பாட்டுக்குக் குரல் திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை வக்கீல் பார்த்தார், கையெழுத்தானது. மாத முடிவில் தம்பி மெஷின் ரூம் சாவியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டான். போன காது போனதுதான், இருக்கிறது இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"சொல்லிவிட்டாராம்" என்று சொல்கிறேன் பாருங்கள். அந்த டாக்டர் செய்தியை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு, "உன் தம்பிக்குக் காது இனிமே கெடாதாம், தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியும் என்று தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் இவருடைய ஃபோன்தான் அடிக்கிறது. பழைய ஒப்பந்தக் காகிதத்தைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு பேருமாகப் படித்து, எழுதிக் கொடுத்தது பதிவை மட்டும்தான் என்று பார்த்து, அந்தப் பத்து மெட்டுக்கும் சங்கத்தில் பெயர் கொடுத்தாயிற்று. அதையும் அவராகச் சொல்லவில்லை, மேஜையைத் துடைக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்ந்து போட்ட பாட்டு அவர்கள் பக்கத்தில் வெளியாகிவிட்டது. அம்மா கூப்பிட்டு, "என் பிள்ளையும் என் மாப்பிள்ளையும்" என்று அரை மணி நேரம் பேசினாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டியதுதான். நானும் படுகிறேன். ஆனால் உள் அறையில் இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருக்க, டீயை வைத்துவிட்டுத் திரும்பும்போது பேச்சு சட்டென்று நின்று, நான் வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பித்தால், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஆபீஸிலிருந்து வந்ததும், பேசி நாளாயிற்றே என்று தம்பிக்கு ஃபோன் போட்டேன். நீங்கள் அழைத்தவர் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஃபோன் சொன்னது. அந்த வேறு ஒருவர் பக்கத்து அறையில் சிரித்துக்கொண்டிருந்தார்.